தானம் கொடுத்த நிலத்துக்குப் பூட்டு எதுக்கு மாப்ளே?

வா மாப்ளே, குந்து. கக்கத்துல சுருட்டி வச்சிருக்கிற வரைபடத்தை இப்படித் திண்ணையில விரி. அடேங்கப்பா! இத்தனை பச்சை அடிக்க மசி வாங்குறதுக்கே தனியாக் கடன் எடுத்திருப்பே போலிருக்கே. 3 ஏக்கர், 240 வீடு, தரைக்கு அடியில ரெண்டு தளத்துக்குக் கார் நிறுத்தம், மொட்டை மாடியில நீச்சல் குளம். எல்லாம் சோக்காத்தான் இருக்கு. மூஞ்சி மட்டும் ஏன் தொங்கிக் கிடக்கு?

"மாமா, கட்டட அனுமதிக்குப் போனா, 30 செண்ட்டை இனாமா எழுதிக் கொடுன்னு சி.எம்.டி.ஏ.வுல கேக்குறாங்க"ன்னா சொல்றே? ஐயோ பாவம். ஏழைக்கு வந்த சோதனையைப் பாரு. ஏய், உன் மாமன் வந்திருக்கான் பாருன்னு உள்ளே கூப்பிட்டுச் சொல்லட்டுமா? பிள்ளைங்க உண்டியலை உடைச்சு எதனாச்சும் எடுத்துட்டு வரும்.

சட்டம் என்னான்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்காதே. சார்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல டீ குடிச்சே படிச்சவன் நான். 2019-ல வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்ல இருக்கிறதுதான் இது. புதுசாவும் வந்துடலை. 2008-ல வந்த ரெண்டாவது மாஸ்டர் பிளான் விதியிலயும் இருந்தது. இடம் 3,000 சதுர மீட்டர் வரைக்கும்னா ஒண்ணும் கொடுக்க வேணாம். அதுக்கு மேல 10,000 வரைக்கும்னா, ரோடு போக மிச்சத்துல பத்துல ஒரு பங்கைப் பூங்கா, விளையாட்டுத் திடல்னு ஊருக்கு ஒதுக்கணும். ஒதுக்க முடியாத நெருக்கடின்னா பதிவுத்துறை மதிப்புப்படி பணம் கட்டலாம். 10,000-த்தைத் தாண்டிட்டா பணப் பேச்சே கிடையாது. நிலமாத்தான் கொடுக்கணும். அதையும் தானப் பத்திரம் எழுதிப் பதிஞ்சு, உள்ளாட்சி கையில ஒப்படைக்கணும். இதைத்தான் உங்க பாஷையில ஓ.எஸ்.ஆர்.ன்னு சொல்றீங்க.

உன் 3 ஏக்கர் சதுர மீட்டர்ல 12,140. தாண்டிட்டே. ஒரு ஏக்கர் சின்னதா வாங்கியிருந்தா துட்டைக் கட்டிட்டு நழுவியிருக்கலாம். பேராசை உன்னை உத்தமனாக்கிடுச்சு.

என்ன முணுமுணுக்கிறே? துண்டு போட்டு, அண்ணன் தம்பி பேர்ல தனித்தனிக் கட்டடமாக் காட்டிடலாம்னா? சபாஷ். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துடுவோம். 3,000 சதுர மீட்டர்னா 74 செண்ட்டும் ஒரு கொசுறும். உன் 300 செண்ட்டை நாலாப் பிரிச்சா ஆளுக்கு 75. ஒரு செண்ட்டுல மாட்டிக்கிறே பாரு! அஞ்சாப் பிரிச்சாத்தான் தப்பிக்கலாம். நீங்களோ அண்ணன் தம்பி நாலு பேரு. உங்க அப்பன் இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கணும். அவன் அப்பவே சோம்பேறி. அப்படியே அஞ்சாப் பிரிச்சாலும், அஞ்சு கட்டடத்துக்கும் ஒரே கேட்டு, ஒரே பேரு, ஒரே விளம்பரம்னு போடுறப்போ, ஃபைலைப் பார்க்கிறவன் என்ன கண்ணை மூடிக்கிட்டா முத்திரை குத்துவான்? மூடிக்கிறவனும் உண்டுன்னு சிரிக்கிறே. அந்தச் சிரிப்புக்கும் ஒரு சதுர அடி ரேட்டு இருக்கு, அது தானத்தை விடச் செலவு.

கோர்ட்டுக்குப் போறதா இருந்தா அதுக்கும் வழி அடைச்சுட்டாங்க. என் சொத்தை என்கிட்ட கட்டாயப்படுத்தி எழுதி வாங்குறது செல்லுமான்னு கேட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயாச்சு. விதி செல்லும்னு 2023-ல தீர்ப்பும் வந்தாச்சு. வக்கீலுக்குக் கொடுக்க எடுத்து வச்ச துட்டுல நாலு வேப்பங்கன்னு வாங்கு.

இப்போ உன் நஷ்டத்துக்கு வருவோம். 30 செண்ட்டுன்னா 13,068 சதுர அடி. கிரவுண்டுல அஞ்சரைக்குக் கொஞ்சம் கம்மி. கேட்டா நெஞ்சு வலிக்கத்தான் செய்யும். ஆனா ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. மனைப் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிற எஃப்.எஸ்.ஐ. கணக்கைப் போடுறப்போ எந்தப் பரப்பை வச்சுப் போட்டே? 270 செண்ட்டையா, 300-ஐயா?

பேச்சு அடங்கிப் போச்சே!

தானமாக் கொடுக்கிற ஓ.எஸ்.ஆர். நிலத்தையும் மனைப் பரப்போட சேர்த்துத்தான் எஃப்.எஸ்.ஐ. கணக்குப் பண்ணணும்னு விதியிலயே இருக்கு. சாதாரணக் கட்டடத்துக்கு ரெண்டு மடங்கு. அப்போ ஊருக்குக் கொடுத்த அந்த 13,068 சதுர அடி மண்ணுக்கு, 26,136 சதுர அடி கட்டடம் உனக்குத் திரும்பி வருது. மண்ணுதான் ஊருக்குப் போகுது. அது மேல கட்டுற உரிமையை அப்படியே தூக்கிட்டு வந்து, பக்கத்து மண்ணுல ரெண்டு மாடி கூட ஏத்திடுறே. சுமார் 1,090 சதுர அடி வீடுன்னு வச்சாலும் இருபத்தி நாலு வீடு ஆகுது. இருபத்தி நாலு வீட்டை வித்துத் துட்டாக்குற தானத்தைக் கர்ணன் கூடப் பண்ணலை மாப்ளே.

அது முதல் விற்பனை. ரெண்டாவதையும் சொல்றேன், நோட்டீஸைக் கொடு. "குடியிருப்பவர்களுக்கே உரிய பிரத்யேகப் பூங்கா"ன்னு பளபளன்னு போட்டிருக்கே. அம்மாக்காரி பிள்ளையை ஊஞ்சல்ல வச்சு ஆட்டுறா, தாத்தா பேப்பர் படிக்கிறாரு. என்னை மாதிரி ஒரு அழுக்கு வேட்டித் தாத்தா ஒருத்தரையாவது போட்டிருக்கலாம். சரி, விடு. இந்தப் படத்தைக் காட்டித்தானே பூங்காவைப் பார்த்த வீட்டுக்குத் தனி ரேட்டு வாங்குறே? பத்திரத்துல ஊருக்குன்னு எழுதின நிலத்தை, நோட்டீஸ்ல வீட்டுக்காரனுக்குன்னு விக்கிறே. ரெண்டு பேருக்கும் ஒரே நிலத்தை விக்கிற வேலையை எங்க காலத்துல செஞ்சவனைப் பஞ்சாயத்துல நிக்க வச்சுக் கேட்டாங்க. இப்போ விருது கொடுக்கிறாங்களாம்.

மூணாவது விற்பனை இந்த வரைபடத்துலயே இருக்கு. இது என்னா, பச்சைக்கு நடுவுல வலை போட்ட கட்டம்? "டர்ஃப்"பா? மணிக்கு இவ்வளவுன்னு வாடகைக்கு விடுற பந்தாட்ட மைதானமா? சோக்கு. பிளாஸ்டிக் புல்லு. தண்ணி வேணாம், ஆடு மாடு மேயாது, மணிக்கணக்குல துட்டு. பூமாதேவியே வேலைக்கு நிக்கிறா உன்கிட்டே. ஆனா அது உன் நிலம் இல்லையேடா! பத்திரம் பதிஞ்ச நிமிஷத்துல இருந்து அதுல ஒரு நாற்காலி போடணும்னாலும் நீ உள்ளாட்சியைத்தான் கேக்கணும்.

சரி, கொடுக்கத்தான் வேணும்னு ஆயிடுச்சு. எப்படிக் கொடுக்கிறதுங்கிற வித்தையையும் உங்க ஆளுங்க நல்லாத்தான் கத்து வச்சிருக்கீங்க. நானும் சொல்லித் தர்றேன், குறிச்சுக்கோ. மனையிலே எந்த மூலை பள்ளமோ, எந்த மூலையிலே கார்த்திகை வரைக்கும் தண்ணி நிக்குதோ, அந்த மூலையைக் கொடு. உயர் அழுத்த மின்கம்பி மேல ஓடுச்சுன்னா இன்னும் விசேஷம், எப்படியும் அங்கே கட்டடம் கட்ட முடியாது, புண்ணியமாவது சேரட்டும். ரோட்டுப் பக்கம் கொடுத்துடாதே, ஜனங்க கண்ணுல பட்டுடும். பின்பக்கம், கழிவுநீர் சுத்திகரிக்கிற தொட்டிக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவுல வை. வாசனையும் இருக்கும், சங்கீதமும் இருக்கும். ஒட்டடைக் கொம்பு நீளத்துக்கு ஒரு சந்தைக் கொடுத்துட்டுப் பூங்கான்னு சொல்லலாம்னுதான் உனக்கு ஆசை, ஆனா விதி எழுதுன மகராசன் அப்பவே உன்னை நினைச்சிருக்கான். ஒதுக்குற துண்டு 100 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, எந்தப் பக்கமும் 10 மீட்டருக்குக் குறையக் கூடாதுன்னு போட்டுட்டான்.

தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதுன்னு பெரியவங்க சொன்னதை நம்பித்தானே இதெல்லாம் பண்றீங்க? அது கொடுக்கிறவன் மனசாரக் கொடுக்கிறப்போ. இங்கே வாங்குற உள்ளாட்சி பல்லை மட்டுமில்லே, குளம்பையும் தூக்கிப் பார்க்கணும். பார்க்க மாட்டேங்குறாங்க, அதான் உங்களுக்கு வாழ்வு. பத்திரத்தை வாங்கி பீரோவுல வச்சுடுறாங்க. நிலத்துல வேலிகாத்தான் முளைக்குது. கொஞ்ச நாள் கழிச்சு யாரோ மணல் கொட்டுறான், யாரோ பழைய லாரியை நிறுத்துறான், அப்புறம் ஒரு ஓலைக் கொட்டாய். எங்க ஊர் மேய்க்கால் புறம்போக்கும் இப்படித்தான் போச்சு. முதல்ல வைக்கோல் போர் வந்தது, பின்னாலயே ஆக்கிரமிப்புக்குத் தீர்வை போடுற பி மெமோ வந்தது, அதுக்கும் பின்னால பட்டாவே வந்துடுச்சு. பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளியைக் காப்பாத்துறதுக்குன்னே 1959-ல ஒரு தனிச் சட்டம் போட்டு வச்சிருக்கு நம்ம சர்க்காரு. சட்டத்துக்கும் வயசாகுது, என்னை மாதிரித் திண்ணையில உக்காந்துக்கிட்டுப் போறவன் வர்றவனைப் பார்த்துக்கிட்டிருக்கு.

போன தை மாசம் உன் அத்தையோட ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். பெரிய அடுக்குமாடி. பந்தி முடிஞ்சு வெத்தலையை மென்னுக்கிட்டே சுத்தி வந்தேன். பின்பக்கம் நல்ல பூங்கா, புல்லு, சறுக்குமரம் எல்லாம். தெருவைப் பார்த்து ஒரு இரும்புக் கேட்டும் இருந்தது. சங்கிலி போட்டுக் கட்டி, ரெண்டு பூட்டு. ஒரு பூட்டு துருப்பிடிச்சுப் போய் இருந்தது, அதை இனிமே சாவி போட்டுக் கூடத் திறக்க முடியாது. கேட்டுக்குப் பக்கத்துச் சுவத்துல காகிதப்பூச் செடியைச் செழிப்பா ஏத்தி விட்டிருந்தாங்க. எனக்குத்தான் கை சும்மா இருக்காதே, கொடியை விலக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு தகரப் பலகை, இந்த இடம் பொதுமக்களோட பூங்கான்னு. முள்ளு குத்தினதுதான் மிச்சம். கேட்டுக்கு வெளியே ரெண்டு பசங்க தெருவுல, கார் போறப்போ எல்லாம் ஸ்டம்பைத் தூக்கிக்கிட்டு ஒதுங்குறதும் மறுபடி நட்டு ஆடுறதுமா இருந்தாங்க. உள்ளே பூங்காவுல யாரு இருந்தாங்கன்னு கேக்குறியா? ஒரு பய இல்லே. வெயில் தாழ்ந்த நேரம், அந்த வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் டியூஷன்.

காவலாளி ஓடி வந்து, "ஐயா, அது உள்ளே இருக்கிறவங்களுக்கு மட்டும்தான்"னான். நானும் உள்ளேதானேப்பா இருக்கேன்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான், நான் உள்ளே இருக்கிறதே தப்புன்னு அவனுக்குப் பட்டிருக்கும்.

வீடு வாங்குனவங்களையும் முழுசாக் குத்தம் சொல்ல முடியாது. நீ நோட்டீஸ்ல போட்டுக் காசு வாங்குனே, அவங்க நம்புனாங்க. சங்கத்துல தீர்மானம் போட்டுப் பூட்டுறாங்க. அது ஊர் நிலம்னு அவங்க கிட்ட யார் சொன்னது? நீ சொல்ல மாட்டே. தகரப் பலகை சொல்லும், அதுக்குத்தான் காகிதப்பூ வச்சுட்டீங்களே.

இவ்வளவு பெரிய பஞ்சாயத்து எவ்வளவு பெரிய நிலத்துக்குன்னு பார்த்தியா? உன் 240 வீட்டுக்கு வீட்டுக்கு நாலு பேர்னு வை, 960 பேரு. உன் 30 செண்ட்டை அவங்களுக்குள்ள மட்டும் பிரிச்சாலே தலைக்குப் பதிமூணரை சதுர அடி. ஆறடிப் பாய் ஒண்ணை விரிச்சா முடிஞ்சுது, புரண்டு படுத்தா பக்கத்து வீட்டுக்காரன் பங்கு. ஒரு நகரத்துல ஆளுக்கு 10-லேர்ந்து 12 சதுர மீட்டர் திறந்தவெளி இருக்கணும்னு மத்திய சர்க்காரு 2014-ல ஒரு வழிகாட்டி போட்டிருக்கு. அதாவது நூறு சதுர அடிக்கு மேல. உன் இடத்துல கிடைக்கிறது பதிமூணரை. அதையும் பூட்டிட்டுக் கடுகை உடைச்சுக் காவல் காக்குறீங்க.

முன்னே ஊரை உண்டாக்குனவங்க என்ன தர்மராஜாவா? அதுவும் இல்லே. 1920-கள்ல தியாகராய நகரை ஏரியைத் தூர்த்துத்தான் போட்டாங்க. அந்தப் பாவம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆனா தூர்த்த இடத்துலயும் நட்ட நடுவுல பனகல் பூங்காவை வச்சு, அதைச் சுத்தித் தெருவைப் போட்டாங்க. கடைக்காரன், கைவண்டிக்காரன், புடவை எடுக்க வந்து கால் வலிச்சவன், எல்லாரும் உக்கார இடம். அண்ணா நகர்ல 1968 பொருட்காட்சிக்குக் கட்டுன கோபுரம் நிக்குதே, அந்தப் பூங்காவுக்கு யாராவது உள்ளாளா வெளியாளான்னு கேட்டுக்கிட்டுப் போறாங்களா? அந்தப் பூங்காவுக்குப் பக்கத்துல வீடு வேணும்னு விலையைக் கேக்காம வாங்குறாங்க. திறந்து கிடக்கிற பூங்காவுக்குப் பக்கத்துல நில மதிப்பு ஏறும்னு உனக்கும் தெரியும். தெரிஞ்சும் பூட்டு வாங்குறே பாரு, அங்கேதான் உன் படிப்பு பல்லைக் காட்டுது.

இன்னொண்ணு. அந்தப் பச்சைக்கு அடியிலயும் கார் நிறுத்தத்தை நீட்டியிருக்கியே, அதைச் சுருக்கு. மேல ரெண்டடி மண்ணைக் கொட்டிப் புல்லைப் பதிச்சா அது பூங்கா ஆகாது, தொட்டிச் செடி. 2003-லேயே வீட்டுக்கு வீடு மழைநீரைச் சேமிக்கணும்னு கட்டாயமாக்குன ஊரு இது. 2015-ல சென்னை முழுக்கத் தண்ணியில நின்னதைப் பார்த்தவன் நீ. காங்கிரீட்டையும் பேவர் கல்லையும் விரிச்சுட்டு, தண்ணி எங்கே போகும்னு கேட்டா, அதுக்கு வழி தெரியும் மாப்ளே, உன் ரெண்டாவது அடித்தளத்துக்குத்தான் போகும். அந்த 30 செண்ட்டுல மண்ணு மண்ணாவே கிடந்தா நாலு மழையைக் குடிக்கும். நீ தோண்டப் போற போர்வெல்லுக்கும் அதுதான் சோறு.

அதனால நான் சொல்றபடி செய். தெருவைப் பார்த்த முகப்புல, மேடா இருக்கிற இடமாப் பார்த்து ஒரே துண்டாக் கொடு. கேட்டு தெருப் பக்கம் இருக்கட்டும், உன் வீட்டுக்காரங்களும் அதே கேட்டு வழியாப் போகட்டும். பலகையைக் காகிதப்பூ எட்டாத உயரத்துல மாட்டு. நோட்டீஸ்ல "பிரத்யேக"த்தை அடிச்சுட்டு, வாசல்லயே ஊர்ப் பூங்கான்னு எழுது. அதைப் படிச்சுட்டும் வீடு வாங்க ஆள் வருவான், நல்ல ஆளா வருவான். வீடு வாங்க வர்றவன் கேட்டா தானப் பத்திரத்தோட நகலைக் காட்டு. கேக்கலைன்னாலும் காட்டு. வில்லங்கம் போட்டுப் பார்த்தா எப்படியும் தெரியத்தான் போகுது. பராமரிப்பை உள்ளாட்சி செய்ய மாட்டேங்குதுன்னா, சங்கத்தை விட்டு அவங்க கிட்ட முறையா எழுதி வாங்கிப் பார்த்துக்கச் சொல்லு. தண்ணி ஊத்துற உரிமை சங்கத்துக்கு இருக்கலாம். பூட்டுற உரிமை யாருக்கும் கிடையாது.

என்ன மறுபடியும் மூஞ்சியைத் தூக்குறே? "திறந்து விட்டா வெளியாள் எல்லாம் வந்துடுவானே மாமா"ன்னா? அடேய், இந்த 3 ஏக்கரை எங்க ஊர்ல வந்து விலை பேசுனப்போ நீ யாரு? என் அக்கா மகன்ங்கிறதைத் தவிர, இந்த ஊருக்கு நீயும் வெளியாள்தான். களத்துமேட்டுல காரை நிறுத்துனே, அரசமரத்தடியில உக்காந்து தரகனோட பேசுனே, ஏரிக்கரையில நின்னு செல்ஃபி எடுத்தே. எவனாவது விசில் ஊதி விரட்டுனானா?

போ, உள்ளே அத்தை மோர் கலக்கி வச்சிருக்கா, குடிச்சுட்டுக் கிளம்பு. போறப்போ அந்தக் கேட்டுக்குன்னு வாங்கி வச்சிருக்கியே பெரிய பூட்டு, அதை இங்கே வச்சுட்டுப் போ. என் மாட்டுக் கொட்டாய்க்கு ஒண்ணு வேணும், அங்கே இருக்கிறதாவது என்னோட மாடு.